பச்சை மூடி

ஜனவரி 5, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன, இங்கே எழுதிவைக்கிறேன்.

பனி. எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி மட்டும் பனிக்கு மேலே, அடிப்பாகமே இல்லாமல் நிற்கிறது.

காலை வேலை: பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரைப் பார்த்தது. மறுபடியும் இறங்கியிருக்கிறது. நேற்று மாலை கழுத்துவரை ஊற்றினேன். இன்று விரலை விட்டால் நனையவில்லை. வண்டிக்கு அடியில் சொட்டு இல்லை, ஈரம் இல்லை, கறை இல்லை.

பார்த்தவை: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், வாட்டர் பம்ப். எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. ரேடியேட்டர் மூடி புதுசு.

தண்ணீர் போகிறது. போவதற்கு வழி இல்லை.

ஊற்றுவது சாதாரணத் தண்ணீரும் அல்ல. மீஞ்சூரில் போர்த் தண்ணீர் உப்பு. அதை நான் தொடுவதில்லை. கூலன்ட் என்று பச்சைச் சாயத்தைத் தலையில் கட்டுவார்கள், அதுவும் வேண்டாம். மெக்கானிக்கல் படித்தவன் நான். சுத்தமான தண்ணீர் போதும். கேன் தண்ணீர், நான் குடிக்கும் அதே கேன்.

எங்கள் வீட்டில் கேன் இரண்டு. சமையலறையில் என் மனைவி மாலதியின் வெள்ளை மூடி. கூடத்து மூலையில் என் பச்சை மூடி. வெள்ளை மூடி அவள் தம்பி குணா அனுப்புவது. பொன்னேரி பக்கம் தண்ணீர் கம்பெனி வைத்திருக்கிறான். "அக்கா ஊட்ல போய் காசு வாங்குவேனா?" என்பான், நாலு பேர் காதில் விழும்படி. அந்தத் தர்மம் எனக்கு வேண்டாம். அவன் தண்ணீர் சமையலில் சேர்வதைத் தடுக்க முடியவில்லை. குடிப்பதற்கு முனைக் கடையில் பச்சை மூடி வாங்கிக்கொள்கிறேன். தெரு முழுக்க அதுதான். பின் தெரு அங்கன்வாடியிலும் அதுதான்.

குணாமேல் எனக்கு இருப்பவை, மறந்துவிடாமலிருக்க:
கிரகப்பிரவேசத்தில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தது.
"மாமா நல்லா படிச்சவருதான், ஆனா ஒண்ணும் பண்ணலையே" என்று பந்தியில் சொன்னது.
சொல்லிவிட்டு எனக்கு அப்பளம் போடச் சொன்னது.

ஜனவரி 6, செவ்வாய்

பனி. நேற்று வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். வரிகூட நனையவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை.

பானெட் இடுக்கில் ஒரு நூலும் ஒட்டியிருந்தேன். எதிர்வீட்டுக்காரர்மேல் சந்தேகம். மழைநீர்க் கால்வாயை அவர் மூடியதைப் பற்றி நான் மனு கொடுத்ததிலிருந்து பேசுவதில்லை. நூல் அறுபடவில்லை. அவராக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனிக்குக் கும்மிடிப்பூண்டி போகும்போது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. அதே இடம். மேம்பாலம் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் திரும்பி, குரோம் முலாம் பூசிக்கொண்டிருந்து மூடிப்போன பிளேட்டிங் கம்பெனியின் மதில் தொடங்குகிற இடம். வேப்பமரம். இதற்கு விளக்கம் உண்டு: மேம்பாலத்தில் ஏற்றம், பிறகு லாரிகளுக்குப் பின்னால் ஊர்வது, காற்று கிடைக்காமல் சூடேறுவது. விளக்கம் சரி. ஆனாலும் அதே மரத்தடிக்கு வரும்வரை முள் காத்திருப்பதுபோல் இருக்கிறது.

சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் சத்தம். களக், களக். ஓடை ஓடுவதுபோல். ஹீட்டர் குழாயில் காற்று புகுந்தால் வரும் சத்தம் அது. தெரியும். தெரிந்தும் ரேடியோவைப் போட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடியது. கம்பெனி மூடி வருடக்கணக்காகிறது. கூரைத் தகடுகூடப் பாதி இல்லை.

மாலையில் முனைக் கடையில், ஒரு பெண்: "மறுபடியும் பாலு திரிஞ்சி பூட்ச்சிக்கா. பாக்கெட்டு மாத்திக் குடு." கடைக்கார அக்கா: "நீ ஏனத்த ஒழுங்கா கழுவுடி. ஊரு பூரா என் பாலையே கொற சொல்லிக்கினு திரியுதுங்க."

நாக்கில் மறுபடியும் இரும்புச் சுவை. டாக்டர் வயிற்றில் கேஸ் என்கிறார். கேஸ் என்பது காரணம் தெரியாத டாக்டர் சொல்வது.

ஜனவரி 8, வியாழன்

வேறு வழியில்லாமல் பாஷாவின் ஒர்க் ஷாப். கவரைப்பேட்டை தாண்டி. பாஷாவுக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம். எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

"இன்னா சார், வண்டி பிரியாணி குண்டா கணக்கா ஆவி வுட்டுக்கினு வர்து?"

தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றேன்.

"எங்க போவும்? வெயில்ல போவும். தெர்மோஸ்டாட்ட கழட்டிக் கடாசிட்லாம். குளிர் தேசத்துக்காரன் வெச்ச சாமான் அது. நம்ப ஊருக்கு இன்னாத்துக்கு?"

"எஞ்சின் சரியான சூட்டுக்கு வர அது வேணும், பாய்."

"சூடு வர்ணுமா, வரக் கூடாதா? ஒண்ண சொல்லு சார். பேஜாரு பண்ணாத."

எனக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான். மடத்தனம். எழுதிவைக்கிறேன்: இது தவறு என்று நான் சொன்னேன்.

ஜனவரி 9, வெள்ளி

தவறுதான். அதே வேப்பமரம். இப்போது முள் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மோட்டார் சத்தம் இன்றும். மதிலோரம் வாட்ச்மேன் வந்தார். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு வாடை. சைக்கிள் ஹேண்டிலில் பிளாஸ்டிக் குடம் கட்டியிருந்தது.

"உள்ளே மோட்டார் ஓடுதே?"

"உள்ள எவுரு இருக்காங்க நைனா? ஒருத்தரும் லேது."

"சத்தம் கேட்குதே."

"காத்து."

காற்றே இல்லை. வேப்பிலை அசையவில்லை. ரேடியேட்டரில் ஊற்ற அவர் குடத்திலிருந்து கொஞ்சம் கேட்டேன். குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது ஊட்லேந்து எடுத்தாரது. குடிக்கிற தண்ணி நைனா. பொழுதுக்கும் எனக்கு இதான்." உள்ளேதான் போர் இருக்குமே என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அத்துல நான் காலு கூட கழுவ மாட்டேன்." உள்ளே ஆளில்லை, சத்தம் வெறும் காற்று என்று சொன்ன அதே ஆள்தான்.

தார்ப்பாய் மூடிய டெம்போ ஒன்று பின் கேட்டிலிருந்து வெளியே வந்து, லாரிகளுக்குள் நுழைந்து மறைந்தது. பனியில் நம்பர் தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். யாரையும் நம்பாமல் நானே உட்கார்ந்தேன்.

ஆறிய எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை. ஹோஸ் அதற்குள் கல்லாகிவிட்டது. ஆவியால் வந்த அழுத்தம் இல்லை. வேறெதுவோ உள்ளே ஊதுகிறது.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்று கறுப்பு. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் வெள்ளை.

ஆன்லைனில் வரவழைத்த சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்தேன். உள்ளே நீலத் திரவம். எஞ்சின் எரிக்கும் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். எஞ்சின் ஓட, குமிழிகள் வந்தன. நீலம் பச்சையாகி, மஞ்சளானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆகவே: எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பாதியான பிளாக்குக்கும் நடுவே எங்கோ வழி விழுந்திருக்கிறது. தண்ணீர் கீழே சொட்டவே இல்லை. மூன்றாவது சிலிண்டருக்குள் போய் எரிந்து, சைலன்சர் வழியாக வெள்ளையாய் வெளியேறியிருக்கிறது. இத்தனை நாளும் பனி என்று நினைத்ததில் பாதி நான் ஊற்றிய தண்ணீர்.

கண்டுபிடித்த சந்தோஷம் அரை மணி நேரம். பிறகு ஒரு கேள்வி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தகடு, ஹெட் கேஸ்கட், போனதால் சூடேறியதா, சூடேறியதால் போனதா? முதல் தடவை ஏன்?

கூடத்தில் உட்கார்ந்து கடுங்காப்பி. சர்க்கரை நோய் வந்ததிலிருந்து பாலை நிறுத்தியாயிற்று. என் தண்ணீரில் நானே போட்டுக்கொள்வது. கேனைச் சாய்த்துப் பிடித்தபோது உள்ளே காற்று ஏறியது. களக், களக்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம். கை நின்றுவிட்டது. எந்தக் கேனும் இப்படித்தான் சத்தம் போடும். தெரியும்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பாஷாவிடம் விட்டாயிற்று.

ஜனவரி 14, புதன். போகி

தெருவெல்லாம் டயர் புகை. பனியும் புகையும் சேர்ந்து மஞ்சளாய் ஒரு வெளிச்சம். மணி என்னவென்று தெரியாத காலை.

பாஷா ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"சார், இங்க வா. இத்த பாரு."

அலுமினியம். தண்ணீர் ஓடும் துளைகளெல்லாம் வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் கரைந்து, பல் சொத்தைபோல் குழிகள். மூன்றாவது சிலிண்டருக்கும் பக்கத்துத் துளைக்கும் நடுவே இருந்த சுவர் கரைந்து தாள் மாதிரி ஆகி, ஓரிடத்தில் தாளும் இல்லை. வாட்டர் பம்பின் இறக்கைகளில் பாதி காணவில்லை. உடைந்து விழுந்திருந்தால் துண்டு கிடைக்கும். துண்டு இல்லை. கரைந்திருக்கிறது.

"இன்னா சார் ஊத்துன? ஆசிட்டா?"

"கேன் தண்ணீர்."

"கேனு தண்ணியா?" குழிகளை விரலால் தடவிப் பார்த்தான். "உப்புத் தண்ணி ஊத்தின வண்டி எத்தினி பாத்துக்கிறேன். துரு புடிக்கும், அடச்சிக்கும். இந்த மாரி துண்ணாது சார்." பிறகு பழைய பாஷா: "தெர்மோஸ்டாட்ட நான் கழட்னதால வந்துச்சின்னு மட்டும் சொல்லிடாத."

ரேடியேட்டர் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஆள் டீயுடன் வந்தான். வாங்கினேன், குடிக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மாலதி குளித்துப் புதுப்பானை ஏற்றினாள். வாசலில் மூன்று செங்கல், மஞ்சள்கொத்து. அவளுடைய வெள்ளைக் கேன் நேற்றே தீர்ந்திருக்கிறது. குணா சீர் கொண்டுவரும்போது எடுத்து வருவான் என்று இருந்தாள். நல்ல நேரம் போகிறதே என்று, என்னைக் கேட்காமல் என் பச்சைக் கேனிலிருந்து எடுத்து ஊற்றிவிட்டாள்.

தண்ணீர் கொதித்தது. பாலை விட்டாள். பொங்க வேண்டும். நானும் அவளும் பானை வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நுரை ஏறவில்லை. பால் நடுவில் பிளந்தது. வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கம், பச்சை பாரித்த தண்ணீர் ஒரு பக்கம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் "பொங்கலோ" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மாலதி விறகை வெளியே இழுத்தாள். முந்தானையால் பானை வாயை மூடினாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல்.

"பாக்கெட் பால்" என்றேன்.

"இது பாக்கெட்டு இல்ல. கண்ணு முன்னாடி கறந்து வாங்கினேன்."

பத்து மணிக்கு மேல் குணா. பட்டுச் சட்டை, கரும்பு, மஞ்சள், அக்காவுக்குப் புடவை, பின்னால் டிரைவரின் தோளில் வெள்ளைக் கேன். மாலதி பால் திரிந்ததைச் சொல்லி அழுதாள். "வுடுக்கா, பாலு கெட்டுப் போய்க்கும். வேற பான வை" என்றபடி கூடத்துக்குள் வந்தவன், மூலையில் என் கேனைப் பார்த்தான்.

"மாமா, இது இன்னா? யாரு கொண்டாந்தது?"

"நான் வாங்கினது."

"எங்க?"

"முனைக் கடையில. தெருவே வாங்குது."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும். ஏன்?"

அவன் கேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். முகத்தைக்கூட இல்லை. வாயைப் பார்த்தான்.

இருபது வருடத்தில் அவன் என்னைக் கேலியில்லாமல் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அதான் நான் அனுப்பறனே மாமா. இத்தயெல்லாம் எதுக்கு குடிக்கிறீங்க? கண்டவன் தண்ணி." சொல்லிக்கொண்டே பாதிக் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பட்டுச் சட்டை நனைந்தது. தன் காரின் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். "நான் கொட்டிக்கிறேன்" என்றான். கார்க் கதவைக்கூட வேலைக்காரனை வைத்துத் திறப்பவன்.

புதுப் பானையில் வெள்ளை மூடித் தண்ணீர். பால் பொங்கி வழிந்தது. மாலதி சிரித்தாள். அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

இங்கே கொட்டினால் என்ன? வாசலிலேயே கால்வாய்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

விடுமுறை. முனைக் கடையில் ஒரு புதிய பச்சைக் கேன் வாங்கினேன். குடிக்க அல்ல.

ஒரு கிண்ணத்தில் ஊற்றி வாசலில் வைத்தேன். வண்டி நிற்கும் இடத்தில், எஞ்சின் சூட்டுக்காக ஒரு தெருநாய் படுப்பது வழக்கம். வண்டி இல்லாமலும் அதே இடத்தில் வந்து படுத்திருந்தது. எழுந்து வந்து முகர்ந்தது. எதிர்வீட்டுக் குழாயடியில் தேங்கிய உப்புத் தண்ணீரைப் போய் நக்கியது.

மாலதி உள்ளிருந்து: "நாய்க்கெல்லாம் பரிட்சையா இன்னிக்கி?"

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

ஊருக்கு விடுமுறை, எங்கள் கம்பெனிக்கு இல்லை. வார்ப்பட உலையை அணைக்க முடியாது. வண்டி இல்லாததால் மீஞ்சூரிலிருந்து ரயில், கும்மிடிப்பூண்டியிலிருந்து நடை. பேட்டைக்குள் லாரி இல்லை, ஆள் இல்லை. பனி மட்டும்.

வேப்பமரம் வந்ததும் கால் தானாக நின்றது. சூடேறுவதற்கு வண்டி இல்லை. நான்தான் நின்றேன்.

மோட்டார் ஓடியது. மதிலைச் சுற்றிப் பின் கேட்டுக்குப் போனேன். திறந்திருந்தது. டெம்போவின் தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. உள்ளே கேன்கள். பச்சை மூடி, பச்சை மூடி, வரிசை வரிசையாய்ப் பச்சை மூடி. அமிலத் தொட்டிகள் இருந்த கொட்டகையின் பக்கத்துப் போரிலிருந்து ஒரு ஹோஸ் வந்து கேன் வாயில் நுழைந்திருந்தது. வடிகட்டி இல்லை, இயந்திரம் இல்லை, ஒன்றுமில்லை. களக், களக்.

ஹோஸைப் பிடித்திருந்தவன் திரும்பினான். செல்வம். குணாவின் டிரைவர். எங்கள் வீட்டுக்கு வெள்ளைக் கேன் கொண்டுவருபவன்.

 தண்ணீர் கேன் வாயில் வழிந்தது.

அவன்தான் முதலில்: "சார்... உங்க ஊட்டுக்கு இது இல்ல சார். சத்தியமா. உங்க ஊட்டுக்கு வெள்ளதான். அக்கா ஊட்டுக்கு மாத்தி கீத்தி எறக்கிடப் போறன்னு ஓனர் டெய்லி சொல்லுவாரு."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"கம்பெனியில மெஷின் இருக்கே?"

"அது வெள்ளைக்கி சார். ஆபீஸு, ஆஸ்பத்திரி பார்ட்டிங்க டெஸ்ட்டு கிஸ்ட்டு பண்ணுவாங்க. பச்ச சில்லறைக்கி. கடைங்களுக்கு." பிறகு, "நான் சொன்னன்னு சொல்லாதீங்க சார். பொங்கலுக்குத்தான் டிரஸ் எடுத்துக் குடுத்தாரு."

திரும்பி நடந்தேன். மோட்டார் நிற்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

எங்கள் கம்பெனி ஆய்வகம். மதிய உணவு நேரம், யாரும் இல்லை. எங்கள் கம்பெனியிலும் முன்பு பிளேட்டிங் இருந்தது. கழிவுநீரில் முலாம் தொட்டியின் விஷமான குரோமியம் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து அலமாரியில் இன்னும் இருக்கிறது. என்னைத் தவிர யாருக்கும் அதைக் கையாளத் தெரியாது. என்னைவிட இளையவனை மேலாளராக்கியவர்களுக்கு அதுவும் தெரியாது. சரி, அது இப்போது வேண்டாம்.

மூன்று குழாய்கள். மாலதியின் வெள்ளை. கடையில் வாங்கிய பச்சை. ரேடியேட்டரில் பிடித்தது.

முதலில் உப்புச் சத்தைக் காட்டும் சோதனை. வெள்ளை: லேசான மங்கல். பச்சை: சொட்டு விழுந்ததும் கெட்டியாக, தயிர்போல் திரண்டு அடியில் இறங்கியது. பொங்கல் பானைக்குள் பார்த்த அதே பிளவு. அலுமினியத்தைத் தின்றது இதுதான், கூட அமிலமும்.

பிறகு புதிதாகக் கரைத்த குரோமியம் மருந்து. இருந்தால் நிறம் வரும், இல்லாவிட்டால் வராது. வெள்ளை: மாற்றம் இல்லை. ரேடியேட்டர்: துருவால் கலங்கல், ஒன்றும் சொல்ல முடியவில்லை. பச்சை: சாதாரணத் தண்ணீர்போல் இருந்தது. நான் குழாயைக் கீழே வைக்கப் போனேன். அப்போது நடுவிலிருந்து மெதுவாக ஊதா விரிந்தது. அழகான நிறம். கத்தரிப் பூ.

குழாயைப் பிடித்தபடி நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு.

இன்னொரு தடவை செய்தேன். அதே ஊதா.

குணாவின் தர்மத்தை மறுத்துவிட்டு, ரோஷத்தோடு தெருக்கோடி நடந்து, இதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். இரண்டு வருடம். அதுவும் அவனுடையதையே.

ஜனவரி 20, செவ்வாய்

மாலதியிடம் சொன்னேன். கொண்டைக்கடலை அவித்துக்கொண்டிருந்தாள். செல்வம், ஹோஸ், ஊதா, எல்லாம்.

முதலில், "உங்களுக்கு அவனக் கண்டாலே ஆவாது."

"ஆவாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆளுங்க பண்றது."

"தெரியாதவன் ஏன் என் கேனைத் தூக்கித் தோள்ல வெச்சிக்கிட்டுப் போனான்?"

கரண்டி நின்றது. அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னுடைய வெள்ளைக் கேனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சமையலறையில் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்பதுபோல் அந்தக் கேன்.

"பின் தெரு புள்ளைங்க?" என்றாள்.

அங்கன்வாடி. காலையில் சத்துமாவு கரைத்துக் கொடுப்பது அந்தத் தண்ணீரில்தான். மதியச் சோறும். எங்கள் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் அதுகள் கத்துவது கேட்கும்.

"புகார் எழுதப் போறேன்."

"எழுதுங்க." நாற்காலியிலிருந்து எழுந்து, "ஆனா நீங்க எழுதாதீங்க."

புரியவில்லை என்றேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது.

"கால்வாய்க்கு மனு, தெரு விளக்குக்கு மனு, கோயில் கமிட்டிக்கு மனு, உங்க மேனேஜர் மேல மனு. ஆபீஸ்ல உங்க பேரப் பாத்தாலே ஒரு கட்டுல சேத்துக் கட்டி வெச்சிடுவாங்கன்னு நீங்களே சொல்லிக்கிறீங்க. இத்தயும் அதுல கட்டிடுவாங்க. அப்பறம் அவன் வருவான். மாமாவுக்கு எம்மேல வயித்தெரிச்சல்னு ஒரே வார்த்த சொல்லுவான். எல்லாரும் சிரிப்பாங்க. முடிஞ்சிடும்."



"அவன் உன் தம்பி" என்றேன்.

"தெரியும்."

ஜனவரி 21, புதன்

பனி குறைவு. விடிந்ததும் மாலதி தன் வெள்ளைக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அங்கன்வாடி டீச்சரம்மாவிடம் ஏதோ சொன்னாள். டீச்சரம்மா சிரித்தபடி வாங்கி, திண்டின்மேல் பச்சைக் கேனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்தில்தான் வைத்தாள். பச்சையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தவள்: "கடைக்காரியும் டீச்சரம்மாவும் கேக்கறாங்க, எவ்ளோ நாளைக்கி உங்க தம்பி ஓசியில குடுப்பாருன்னு."

கடையில் போய் நானே சொல்லிப் பார்த்தேன். கடைக்கார அக்கா: "இன்னா சார், தண்ணிக்காரன் கூடவும் தகராறா?" நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜனவரி 22, வியாழன்

லீவு. எழுத உட்கார்ந்தேன்.

"பார்வையில் கண்ட பொருள் தொடர்பாக" என்று கை தானாகத் தொடங்கியது. அந்த ஆபீசில் இந்த வரியைப் பார்த்தாலே நான் என்று தெரிந்துவிடும். கிழித்தேன். இந்த நாட்குறிப்பையே பார்த்து எழுதலாம் என்று தோன்றியது. எழுதிப் பார்த்து, கிரகப்பிரவேசத்தை எடுத்துவிட்டேன். அப்பளத்தை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர், மேலாளர் பதவி, டாக்டர், எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அது நியாயமான கோபம்தான் என்று பட்டது. எடுத்தேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பக்கம். மூடிய கம்பெனி எது, பின் கேட் எங்கே, மோட்டார் எப்போது ஓடுகிறது, எந்தக் கடைகள், எந்த அங்கன்வாடி, சோதனையில் என்ன நிறம், அவர்களே எப்படிச் செய்து பார்க்கலாம். கரைந்த ஹெட்டின் படம் ஒன்று. செல்வத்தின் பெயர் இல்லை. குணாவின் பெயர் இருக்கிறது, உரிமையாளர் என்ற அளவில். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. நானே படித்துப் பார்த்தேன். யார் எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் இதுதான் ஒழுங்கானது.

மூன்று நகல். மூன்று அலுவலகம். கம்ப்யூட்டர் எழுத்து.

கீழே பெயருக்கும் பட்டத்துக்கும் வழக்கம்போல் இடம் விட்டிருக்கிறேன். பேனா மூடி திறந்துதான் இருக்கிறது. அடியில் ஒரு பெயர்கூட இல்லாமல் பக்கம் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, பனியில் தெரியும் புகைபோக்கிபோல்.

மாலதி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

தெருவில் ஹாரன். டெம்போ. முனைக் கடையில் கேன் இறக்கும் சத்தம். பின்ஜன்னலில் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடுகிறார்கள், டீச்சரம்மா சொல்லச் சொல்ல.

பெயர் போடும் இடத்தை வெட்டியாயிற்று. மூன்றிலும். பெயரில்லாமல்தான் போடுகிறேன், தபால் எடுக்கும் நேரத்துக்குள் கிளம்ப வேண்டும்.